எல்சி மேட்ரனின் இரண்டாவது உத்தியோகம்

பாலையூற்று மாதா கோயிலில் பாட்டுக்காரரோடு எல்சியைச் சேர்த்தபோது பின்வரிசையில்தான் நிற்கச் சொன்னார்கள். அவளுடைய உயரம் ஒரு காரணம். மற்றது குரல். அவள் வாயைத் திறந்தால் பக்கத்தில் நிற்பவர்கள் பாடுவது யாருக்கும் கேட்காது. ஒருநாள் சுவாமியார் மெல்லக் கூப்பிட்டு, "பிள்ளை, கொஞ்சம் உள்ளுக்குப் பாடும்" என்றார். அடுத்த ஞாயிறு எல்சி மற்றச் சனத்தோடு வாங்கில் போய் இருந்துகொண்டாள். அவள் பாட்டை விட்டது அன்றைக்குத்தான்.

அந்தக் குரலை வேண்டாம் என்று சொல்லாத இடம் ஒன்று திருகோணமலையில் இருந்தது. 1952ஆம் ஆண்டு மறியற்சாலையின் பெண்கள் பகுதிக்குக் காவலுக்கு ஆள் எடுத்தார்கள். எல்சி போனாள். கேள்வி கேட்ட உத்தியோகத்தர் அவளை அண்ணாந்து பார்த்துவிட்டு அதிகம் கேட்காமலே சரி என்றார். அன்றிலிருந்து ஊரில் அவள் எல்சி மேட்ரன்.

பெண்கள் பகுதி பெரிய இடமல்ல. உயர்ந்த மதிலுக்குள்ளே இன்னொரு சின்ன மதில், ஒரு முற்றம், ஒரு கிணறு, கம்பிக் கதவு போட்ட ஒரு நீள அறை, தண்டனைக்கு ஒரு தனி அறை. கசிப்பு என்கிற கள்ளச் சாராயம் விற்றவர்கள், களவெடுத்தவர்கள், புருஷனை வெட்டினவள் என்று ஒரு சிலர் எப்போதும் இருப்பார்கள். கூரை வேயக் கிடுகு பின்னுவது அவர்களுக்கு வேலை. அவர்களைக் கிடுகு பின்ன வைப்பது எல்சிக்கு வேலை.

அந்தப் பகுதிக்குப் பொறுப்பாயிருந்த மக்டலின் முதல் நாளே அவளுக்கு ஒரு விசயம் சொல்லிக்கொடுத்தாள். "வயசு போனதுகள் எண்டாலும் நீதான். நீங்கள் எண்டு துவங்கினால் பிறகு கதவைப் பூட்டக் கை வராது." எல்சிக்கு அது கஷ்டமாக இருக்கவில்லை. ஒரு கிழமைக்குள் தாய் வயதுப் பெண்களையும் நீ, வா, போ என்று கூப்பிடப் பழகிவிட்டாள். அவர்கள் அவளை மரியாதையாக நோனா என்றார்கள்.

அன்னலட்சுமி உள்ளே வந்தது அதற்குச் சில வருடங்களின் பின். ஈச்சிலம்பற்றுப் பக்கத்து ஆள். எல்சியைவிட நாலைந்து வயது மூப்பு. புருஷன் காட்டுக்குள் கசிப்புக் காய்ச்ச, இவள் விற்றிருக்கிறாள். பொலிஸ் வந்தபோது புருஷன் ஓடிவிட்டான். பானையோடு அகப்பட்டது அன்னலட்சுமி. ஆறு மாத மறியல்.

வாய்க்காரி. ஒருநாள் பருப்புத் தண்ணியாக இருக்கிறது என்று கோப்பையைத் தூக்கி முற்றத்தில் எறிந்தாள். எல்சி அவளைத் தனி அறையில் போட்டுப் பூட்டினாள்.

"வாயைப் பொத்து! இனி ஒரு சத்தம் வந்தால் நாளைக்கும் உள்ளதான்."

உள்ளே இருந்து பதில் வந்தது. "நோனாட குரலுக்கு முன்னால என்ர சத்தமும் ஒரு சத்தமோ?"

முற்றத்தில் இருந்த பெண்கள் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். எல்சிக்கு முகம் சிவந்தது. அந்தச் சிரிப்புக்காகவே அன்னலட்சுமியை மறுநாளும் அவள் திறந்துவிடவில்லை. பருப்பு உண்மையிலேயே தண்ணியாய்த்தான் இருந்தது என்பது எல்சிக்கும் தெரியும்.

எல்சியின் புருஷன் அல்பிரட் துறைமுகத்து டொக்யாட்டில் வேலை பார்த்தவன். ஒருமுறை கப்பல் சங்கிலி விழுந்து ஒரு கால் நொண்டியாகிவிட்டது. ஆனாலும் வேலையில் வைத்திருந்தார்கள். 1957இல் ஆங்கிலேயக் கடற்படை துறைமுகத்தை விட்டுப் போனபோது அவனுடைய வேலையும் போய்விட்டது. அந்த ஒரு வருடத்துக்குள் திருகோணமலையில் வேலையில்லாத ஆம்பிளைகள் இல்லாத தெருவே இல்லை என்றாயிற்று. இரண்டு கால் உள்ளவர்களுக்கே வேலை கிடைக்காதபோது அல்பிரட்டை யார் கேட்கப்போகிறார்கள்? அவன் வீட்டில் இருந்து, படுக்கையில் கிடந்த தன் தாயையும் மகள் மரியமலரையும் பார்த்துக்கொண்டான். சமையலும் பழகினான். எல்சியின் உத்தியோகத்தில் வீடு ஓடியது.

1961இல் எல்சிக்குக் கொழும்புக்கு இடமாற்றம் வந்தது. மாமி படுக்கையில், மகளுக்கு எட்டு வயது, புருஷனுக்கு ஏலாது. அவள் கெஞ்சிப் பார்த்தாள். இன்னும் ஒரு வருடம் இங்கேயே விடச் சொல்லிக் கேட்டாள். முடியாது என்று பதில் வந்தது. குறித்த நாளில் அவள் கொழும்புக்குப் போகவில்லை. அடுத்த மாதம், அவள் தானாகவே உத்தியோகத்தை விட்டுப்போனதாகக் கணிக்கப்பட்டிருக்கிறது என்று அறிவித்தார்கள். எல்சி உத்தியோக உடுப்பைத் தோய்த்து மினுக்கி, மக்டலினின் மேசையில் கொண்டுபோய் வைத்தாள்.

"தானாக விட்டதாம் அக்கா" என்றாள்.

மக்டலின் உடுப்பைத் தொடவில்லை. "அப்பிடித்தான் எழுதுவினம். பிறகு கேட்டுப்பார். பழைய ஆக்களைத் திரும்ப எடுக்கிற காலமும் வரும்."

மறியலில் வேலை செய்தவளுக்கு வெளியில் என்ன வேலை இருக்கிறது என்பதை எல்சி அதற்குப் பிறகுதான் அறிந்தாள். ஆஸ்பத்திரி ஒன்றில் உதவியாள் வேலை இருக்கிறது என்று போனாள். அங்கிருந்த மேற்பார்வைக்காரி, "நீங்கள் நோயாளியளை வெருட்டிப் போடுவியள்" என்று சிரித்தபடி சொன்னாள். பகிடியாகத்தான் சொன்னாள், ஆனால் வேலை கொடுக்கவில்லை. பெண் பிள்ளைகள் தங்கிப் படிக்கும் விடுதியொன்றில் சகோதரிமார் அன்பாகக் கதைத்துத் தேத்தண்ணியும் கொடுத்தார்கள். பிள்ளைகளின் தாய் தகப்பன்மார் என்ன நினைப்பார்களோ என்று யோசிக்கவேண்டியிருக்கிறது என்றார்கள். யோசித்து முடித்ததாகச் சொல்லியனுப்பவே இல்லை. தையல் கடைக்காரர் அவளுடைய கைகளைப் பார்த்தார். "நல்ல பெலமான கை" என்றார். அவ்வளவுதான்.

ஒன்பது வருடம் அவள் செய்தது பூட்டுவதும் திறப்பதும் எண்ணிப் பார்ப்பதும் அதட்டுவதும். இதெல்லாம் மதிலுக்கு வெளியே ஒரு வேலையாகவே தெரியவில்லை.

இரண்டு வருடம் இப்படி இழுபட்டது. மாமி இறந்துபோனா. ஒருநாள் காலை எல்சி சந்தையில் மரவள்ளிக் கிழங்கு தெரிந்துகொண்டிருந்தபோது பின்னால் ஒரு குரல் கேட்டது.

"நோனா! நல்ல கிழங்கு அடியில கிடக்கு, கிளறிப் பாருங்கோ."

திரும்பினாள். அன்னலட்சுமி. உடம்பு கொஞ்சம் வைத்திருந்தது. கையில் பெரிய பன்பை, அதற்குள் தேங்காய்கள். எல்சி கையிலிருந்த கிழங்கைத் திரும்பப் போட்டாள். தனி அறையும் பருப்பும் அவள் கண்ணுக்கு முன்னால் வந்தன.

"வேலையில இல்லையாம் எண்டு கேள்விப்பட்டன்" என்றாள் அன்னலட்சுமி. "பஸ் ஸ்ராண்டுக்குப் பக்கத்தில சாப்பாட்டுக்கடை போட்டிருக்கிறன். இடியப்பம், சொதி, சம்பல். விடியப்புறம் மூதூர் பஸ்ஸுக்கும் கிண்ணியா பஸ்ஸுக்கும் நிக்கிற சனம் எல்லாம் எங்களிட்டத்தான். வாறியளோ?"

"சமைக்கவோ? எனக்கு அவ்வளவாச் சமைக்கத் தெரியாது. வீட்டில அவர்தான்."

"சமையலை நான் பாப்பன். நீங்கள் வாசலில நிண்டாப் போதும். குடிச்சுப்போட்டு வாறாங்கள், திண்டுபோட்டுக் காசு குடுக்காமப் பின்பக்கத்தால போறாங்கள். நான் ஒரு ஆள் காணாது. நீங்கள் ஒருக்காச் சத்தம் போட்டால் ஒருத்தனும் அசையமாட்டான். எனக்குத் தெரியுந்தானே, நான் கேட்டனான்."

எல்சிக்குச் சிரிப்பும் வந்தது, வெட்கமும் வந்தது. "நான் உன்னை ரெண்டு நாள் பூட்டி வச்சனான்" என்றாள்.

"ஓம். அதாலதான் கேக்கிறன்" என்றாள் அன்னலட்சுமி. "அரைகுறையாய் வேலை செய்யிற ஆள் எண்டால் கேட்டிருக்கமாட்டன்."

அல்பிரட் முதலில் முகம் சுளித்தான். மறியல்காரியின் கடையில் மேட்ரன் வேலை செய்வதா என்று சனம் கதைக்கும் என்றான். "கதைக்கிற சனம் வேலை தரட்டும், அங்க போறன்" என்றாள் எல்சி.

நாலு வருடம் அவள் அந்தக் கடையில் நின்றாள். தகரக் கூரை, இரண்டு நீள வாங்கு, பின்னால் புகை மண்டிய குசினி. விடியமுன் வந்து அடுப்பு மூட்டுவாள். பிறகு வாசலுக்கு வருவாள். முதல் கிழமை வெறியில் வந்த ஒருவன் தேங்காய்ப்பால் சொதி புளிக்கிறது என்று சட்டியைத் தட்டிவிடப் பார்த்தான். எல்சி ஒரே ஒரு சொல் சொன்னாள். "இரு!" அவன் இருந்துவிட்டான். பக்கத்து வாங்கில் இருந்த நாலைந்து பேரும், எழும்பப் போனவர்கள், அப்படியே இருந்துவிட்டார்கள். கிண்ணியா பஸ் கொண்டக்டர் றஊப், தன் ஊர் வழக்கில் அக்கா முறை சொல்லி, "லாத்தா, என்ர பஸ்ஸுக்கும் உங்களைத்தான் போடவேணும்" என்று சொல்லிச் சிரித்தான்.

அன்னலட்சுமி அவளை நோனா என்று கூப்பிடுவதை நிறுத்தவே இல்லை. முதலாளி வேலைக்காரியை நோனா என்று கூப்பிடுவதைக் கேட்டுச் சனம் வேடிக்கை பார்க்கும். எல்சிக்குத்தான் வாய் தடுமாறியது. முதல் நாட்களில் பழக்கதோசத்தில் நீ என்று வந்துவிடும். பிறகு ஒன்றும் சொல்லாமல் மொட்டையாகக் கதைப்பாள். 64ஆம் ஆண்டுச் சூறாவளிக்குக் கடையின் தகரம் முழுக்கக் காற்றோடு போனது. மறுநாள் இரண்டு பேருமாய் மழைச் சேற்றுக்குள் தகரம் தேடி அலைந்தார்கள். ஒரு தகரத்தை மறு பக்கம் பிடித்துத் தூக்கும்போது எல்சி, "அக்கா, கையைக் கவனியுங்கோ, வெட்டிப்போடும்" என்றாள். சொன்ன பிறகுதான் அவளுக்கே விளங்கியது. அன்னலட்சுமி அதைக் கேட்ட மாதிரியே காட்டிக்கொள்ளவில்லை. ஆனால் அதற்குப் பிறகு எல்சிக்கு அவள் எப்போதும் அக்கா, நீங்கள்தான்.

அடுத்த வருடம் மக்டலின் ஆள் அனுப்பினாள். பெண் காவலர்கள் போதாமல் பழைய ஆட்களைத் திரும்ப எடுக்கப் போகிறார்கள், உடனே கேட்கச் சொன்னாள். கடையில் நின்று என்னதான் உழைத்தாலும் பென்சன் இல்லை, ஒரு காய்ச்சல் வந்தால் அன்றைய வருமானமும் இல்லை. மரியமலர் படிக்கிறாள். எல்சி மனுப் போட்டாள். கொழும்புக்கு நேர்முகப் பரீட்சைக்கு வரச் சொன்னார்கள்.

"இஞ்ச வேலை செய்யிறன் எண்டு சொல்லிப்போடாதைங்கோ" என்றாள் அன்னலட்சுமி.

"ஏன் சொல்லக்கூடாது? களவே செய்யிறம்?"

"நோனா, நான் சொல்லுறதைக் கேளுங்கோ."

எல்சி கேட்கவில்லை. கொழும்பில் மூன்று பேர் மேசைக்குப் பின்னால் இருந்தார்கள். ஒருவர் சிங்களத்தில் கேட்டார். எல்சிக்குச் சிங்களம் தெரியும், ஆனால் அது பெண்கள் பகுதியில் பழகிய சிங்களம். நல்ல சொல் எது, தெருச் சொல் எது என்று அவளுக்குப் பிரித்துத் தெரியாது. ஒரு பதிலில் என்ன சொன்னாளோ, அவர்களில் ஒருவரான அம்மா சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டா. ஆனால் கோபப்படவில்லை. பிறகு தமிழிலேயே கேட்டார்கள். இவ்வளவு நாளும் என்ன செய்தீர்?

"சாப்பாட்டுக்கடையில வேலை."

"யாருடைய கடை?"

எல்சி நிமிர்ந்து நின்று சொன்னாள். பெயரையும் சொன்னாள், முன்பு தன்னிடம் ஆறு மாதம் மறியலில் இருந்தவள் என்பதையும் சொன்னாள். சொல்லும்போது அவளுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. மேசையில் இருந்த மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நடுவில் இருந்தவர் பேனாவை மூடினார். மறியலில் இருந்தவர்களோடு கொடுக்கல் வாங்கல் வைத்திருக்கும் ஒருவரை எடுப்பது சிரமம் என்று மரியாதையாகவே சொன்னார்.

கடைக்கு வந்து இதைச் சொன்னபோது அன்னலட்சுமி மாவைப் பிழிந்துகொண்டே இருந்தாள். "சொன்னனான்தானே" என்றாள். தன் பெயர் ஒருத்தியின் சோற்றில் மண் போட்டுவிட்டது என்பது அவளை எவ்வளவு சுட்டது என்று எல்சிக்குத் தெரியாமல் இல்லை.

இரண்டு வருடம் கழித்து மறுபடி கூப்பிட்டார்கள். மேசைக்குப் பின்னால் வேறு ஆட்கள். அதே கேள்வி வந்தது.

"வீட்டில இருந்தனான் ஐயா" என்றாள் எல்சி. "பிள்ளையைப் பாத்துக்கொண்டு."

எடுத்துவிட்டார்கள்.

றெயினில் திரும்பி வரும்போது அவளுக்கு உத்தியோகம் கிடைத்த சந்தோசமே வரவில்லை. அல்பிரட்டிடம்கூட முழுவதும் சொல்லவில்லை. நேரே கடைக்குப் போய், "அக்கா, நீங்கள் எண்டு ஒரு ஆள் இல்லை எண்ட மாதிரிச் சொல்லிப்போட்டு வந்தனான்" என்றாள். அன்னலட்சுமி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "இப்பதான் மனிசி திருந்தியிருக்கு!" என்றாள். ஒரு கோப்பையில் இடியப்பம் போட்டு, சொதியை நிறைய விட்டு அவள் முன்னால் வைத்தாள். "சாப்பிடுங்கோ. நாளையில இருந்து இந்தப் பக்கம் வராதைங்கோ. கண்டவன் போய்ச் சொல்லிப்போடுவான்."

எல்சி திரும்பிப் போனது பழைய இடத்துக்குத்தான், ஆனால் பழைய தரத்துக்கல்ல. முந்திய ஒன்பது வருடமும் கணக்கில் இல்லை. அவள் போன பிறகு சேர்ந்த இளம் பெண்கள் இப்போது அவளுக்கு மேலே. மற்றவர்களுக்கு விருப்பமில்லாத வேலை முறைகள் எல்லாம் அவளுக்கே விழுந்தன. நத்தார்ப் பண்டிகைக்கும் வேலை, பெரிய வெள்ளிக்கும் வேலை. அவள் முறுமுறுக்கவில்லை. குரல் மட்டும் முன்போல் எழும்பவில்லை. முற்றத்தில் நின்று அதட்டவேண்டிய இடத்தில் கிட்டப் போய்ச் சொல்லுவாள். புதிதாய் வந்த பெண்களுக்கு, இவள் ஒருகாலத்தில் மதிலுக்கு அப்பாலும் கேட்கக் கத்தினவள் என்று மக்டலின் சொன்னால் நம்பமாட்டார்கள். கடைப் பக்கம் எல்சி போகவில்லை. அல்பிரட் மட்டும் மீன் வாங்கப் போகிற சாட்டில் போய் வருவான்.

69ஆம் ஆண்டு அன்னலட்சுமியைக் கடையிலிருந்து எழுப்ப ஒருவன் ஆட்களோடு வந்தான். நிலம் தன்னுடையது என்றான். வாக்குவாதத்தில் அவன் அடுப்பை உதைத்தான். அன்னலட்சுமி கொதித்த சொதிச் சட்டியோடு அவன்மேல் பாய்ந்தாள். அவனுக்கு முதுகு வெந்தது, இவளுக்குக் கை வெந்தது. முன்பும் மறியலுக்குப் போனவள் என்றபடியால் நீதவான் அதிகம் யோசிக்கவில்லை. மூன்று மாதம்.

அவளைக் கொண்டுவந்த பின்னேரம் எல்சிதான் முறையில் நின்றாள். மக்டலின் மேசையில் இருந்து பதிந்துகொண்டிருந்தாள். கூடவே ஒரு இளம் காவலர். உள்ளே வருகிறவளின் கூந்தலை அவிழ்த்து, சேலை முடிச்சுகளைப் பார்த்து, சோதிக்கவேண்டியது எல்சியின் வேலை.

அன்னலட்சுமி அவளைத் தெரியாத ஆளைப்போல நின்றாள். "நோனா, எங்க நிக்கவேணும்?"

"இஞ்ச." எல்சி மேசைப் பக்கம் கையைக் காட்டினாள். "பேர்?"

"அன்னலட்சுமி."

"முந்தி உள்ள வந்த... வந்ததோ?"

"ஓம் நோனா. ஒருக்கா."

எல்சி கூந்தலை அவிழ்த்தாள். நரை விழுந்திருந்தது. புகையும் தேங்காய்ப்பாலும் கலந்த மணம் இன்னும் அதில் இருந்தது. சேலைத் தலைப்பை விலக்கியபோது முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை தோல் உரிந்து கிடந்தது. யாரோ அதில் பற்பசையைப் பூசிவிட்டிருந்தார்கள்.

"ஐயோ, இதென்ன! மருந்து போட்டனீங்களோ?"

மக்டலினின் பேனா நின்றது. இளம் காவலர் தலையைத் திருப்பினாள். அன்னலட்சுமி குனிந்து, எல்சிக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "நீ எண்டு சொல்லுங்கோ" என்றாள்.

எல்சி அந்தக் கையைத் தன் இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டாள். "அக்கா, பேசாம இருங்கோ" என்றாள். மெல்லச் சொல்லவில்லை. "இதில இருங்கோ. மருந்தெடுத்துக்கொண்டு வாறன்."

மருந்து கட்டி முடிந்த பிறகுதான் இளம் காவலர் அன்னலட்சுமியை உள்ளே கூட்டிப்போனாள்.

பிறகு மக்டலின் எல்சியைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போனாள். "எனக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் பென்சனுக்கு. நான் இதை மேலிடத்துக்கு எழுதாட்டில் மற்றவள் எழுதுவாள். என்னைக் கோவிக்காதை."

"எழுதுங்கோ அக்கா. நடந்ததைத்தானே எழுதப்போறியள்."

மறியற்சாலைக்குப் பொறுப்பான பெரியவர் கூப்பிட்டு விசாரித்தார். அந்தப் பெண்ணை எப்படித் தெரியும் என்றார். எல்சி எல்லாவற்றையும் சொன்னாள்.

"நேர்முகப் பரீட்சையில் இதைச் சொன்னீரா?"

"முதல்தரம் சொன்னனான். எடுக்கேல்லை. ரெண்டாந்தரம் சொல்லேல்லை. எடுத்தவை."

பெரியவர் மக்டலின் எழுதியதை மறுபடி எடுத்துப் படித்தார். மறுபடி வேலை போகப்போகிறது என்றே எல்சி நினைத்தாள். இந்த முறை போனால் திரும்பவும் எடுக்கமாட்டார்கள், கடையும் பூட்டிக் கிடக்கிறது என்று மனம் கணக்குப் போட்டது. ஆனாலும் சொன்னதை மாற்றிச் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. கடைசியில் அவர், எழுத்தில் ஒரு எச்சரிக்கை தருவதாகவும், அந்தக் கைதி வெளியே போகும்வரை எல்சி பெண்கள் பகுதிக்குள் போகக்கூடாது என்றும், முன்வாசலில் பார்க்க வருகிற பெண்களைச் சோதிக்கும் வேலையில் நிற்கவேண்டும் என்றும் சொன்னார். "இனி அக்கா தங்கச்சி கொண்டாடுறதெண்டால் வெளியில் வச்சுக்கொள்ளும்" என்றார்.

அந்த மூன்று மாதமும் இருவரும் ஒருவரை ஒருவர் காணவில்லை. ஆனால் கடை தொடர்ந்து பூட்டிக் கிடக்கவில்லை. உதை வாங்கிய அடுப்பை அல்பிரட் திருப்பிக் கட்டினான். நொண்டிக் காலோடு அவன் இடியப்பம் பிழிய, மரியமலர் பள்ளிக்கூடம் போகுமுன் பரிமாறினாள். நிலம் தன்னுடையது என்று வந்தவன் ஒருநாள் எட்டிப் பார்த்தான். றஊப்பும் இன்னும் இரண்டு கொண்டக்டர்மாரும் வாங்கில் இருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவன் உள்ளே வராமல் போய்விட்டான். பிறகு வழக்குப் பேசி, கடையைக் கொஞ்சம் தள்ளிப் போடுவதாய் ஒரு சமாதானத்துக்கு வந்தார்கள்.

அன்னலட்சுமி வெளியே வந்த அன்று எல்சி லீவு போட்டாள். உத்தியோக உடுப்பில்லாமல், பூப்போட்ட சேலையோடு எதிர்ப்பக்கத்து வாகை மரத்தடியில் நின்றாள். இருவருமாய்க் கடைக்கு நடந்தார்கள். அன்னலட்சுமி குசினிக்குள் போய்ச் சொதியை ஒரு கரண்டி வாயில் விட்டுப் பார்த்தாள். "ஆர் இதுக்குள்ள இவ்வளவு வெந்தயம் போட்டது?" என்று அல்பிரட்டைப் பிடித்து ஏசத் தொடங்கினாள். அவன் சிரித்துக்கொண்டு அகப்பையை அவளிடம் கொடுத்துவிட்டு எழும்பினான்.

எல்சி 81இல் ஓய்வு பெற்றாள். இரண்டாவது உத்தியோகத்துக்கு மட்டுமே பென்சன் என்றார்கள். முந்திய ஒன்பது வருடத்தைச் சேர்க்கச் சொல்லி எழுதிப் பார்த்துக் களைத்துப்போனாள். அதற்குள் அன்னலட்சுமியும் கடையை விட்டுவிட்டு ஈச்சிலம்பற்றுக்குப் போய்த் தம்பியின் வளவில் இருந்தாள். வருடத்தில் ஒருதரம், வயலில் வேளாண்மை வெட்டி முடிந்ததும், எல்சி மூதூருக்குப் படகேறி, அங்கிருந்து பஸ்ஸில் அவளைப் பார்க்கப் போவாள்.

இவ்வளவு உயரமான மனுசி யார் என்று அக்கம்பக்கத்துப் பெண்கள் வேலிக்கு மேலால் பார்ப்பார்கள். "இவ எல்சி. என்ர கடையில வேலை செய்தவ" என்பாள் அன்னலட்சுமி. மதிலுக்குள் நடந்த மற்றதை அவள் யாருக்கும் சொன்னதில்லை. எல்சியும் ஓம் என்று தலையாட்டிவிட்டு, பாயை நிழலுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு புதுநெல் அரிசியைப் புடைக்க இருப்பாள்.